பின்கட்டுக்கு வைஃபை எட்டவில்லையா: ரிப்பீட்டரா, மெஷ்ஷா, கேபிளா?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரின் பழைய தெருக்களில் மனைகள் முகப்பில் குறுகல், உள்ளே நீளம். திண்ணை, நடை, கூடம், முற்றம், சமையல்கட்டு, பின்கட்டு என்று ஒரே கோட்டில் போய்க்கொண்டே இருக்கும். புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே உள்ள பழைய தமிழ் வீடுகளும் ஏறக்குறைய இதே மாதிரிதான். ஃபைபர் இணைப்பு கொடுக்க வருபவர் தெருக்கம்பத்திலிருந்து கேபிளை இழுத்து, வாசலை ஒட்டிய முதல் சுவரில் ரூட்டர் பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விடுவார். முன் அறையில் படம் தடையில்லாமல் ஓடும். பின்கட்டில் உட்கார்ந்து ஆன்லைன் வகுப்பு கவனிக்கும் பிள்ளைக்கு டீச்சரின் முகம் பாதியில் உறைந்து நிற்கும்.

இதைச் சரிசெய்ய ஐந்தாறு வழிகள் இருக்கின்றன. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொந்த வீடாக இருந்தால் ஒரு கேபிளைப் பின்கட்டு வரை இழுத்து, அங்கே ஒரு ஆக்சஸ் பாயின்ட், அதாவது கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாகப் பரப்பும் பெட்டி, வையுங்கள். வாடகை வீடாக இருந்தால் இரண்டு பெட்டி மெஷ், அதாவது ஒரே வைஃபையாகச் சேர்ந்து இயங்கும் பெட்டிகள். ரிப்பீட்டர், அதாவது ரூட்டரின் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் பெட்டி, வாட்ஸ்அப், யூபிஐ, கொஞ்சம் யூடியூப் என்ற அளவுக்கு மட்டும். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. அதைச் செய்யாமல் பலர் நேராகக் கடைக்குப் போய்விடுகிறார்கள்.

வேகம் எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள்

"நெட் ஸ்லோ" என்று சொல்வதில் இரண்டு வேறு பிரச்சினைகள் கலந்திருக்கின்றன. தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் இணைப்பே மெதுவாக இருக்கலாம். அல்லது வீட்டுக்குள் பெட்டியிலிருந்து உங்கள் போனுக்கு வரும் வழியில் வேகம் கரையலாம். இரண்டாவதற்கு மட்டும்தான் இந்தக் கட்டுரை. முதலாவதை எந்த மெஷ்ஷும் தீர்க்காது.

பிரித்துப் பார்ப்பது சுலபம். ஒரு லேப்டாப்பை ரூட்டரின் லேன் துளையில் (வீட்டுக் கருவிகளை இணைக்கும் துளை) கேபிள் போட்டு இணைத்து வேகத்தைப் பாருங்கள். 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு 90-க்கு மேல் காட்டினால் இணைப்பு நன்றாக இருக்கிறது. கேபிளிலேயே இரவு எட்டு மணிக்கு 15, 20 என்று விழுந்தால் புகார் எண்ணுக்குத்தான் போன் போட வேண்டும், அமேசானில் தேட வேண்டியதில்லை.

அடுத்து லேப்டாப்பைப் பின்கட்டுக்கு எடுத்துப் போய், கேபிள் இல்லாமல் வைஃபையில், கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து ரூட்டரின் முகவரிக்கே பிங் கொடுங்கள். ஒரு சிறு தகவலை அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் கட்டளை அது. பெரும்பாலான வீடுகளில் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். ரூட்டர் பக்கத்தில் உட்கார்ந்து செய்தால் 2, 3, 5 மில்லிசெகண்ட் என்று பதில் வரும். பின்கட்டில் 80, 240, அப்புறம் "ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்" என்று வந்தால் விஷயம் தெளிவு. அந்தத் தகவல் தெருவுக்கே போகவில்லை, வீட்டுக்குள்ளேயே தடுமாறுகிறது. குற்றவாளி சுவர்தான்.

ஆண்ட்ராய்டு போன் இருந்தால் இலவச வைஃபை அனலைசர் செயலி ஒன்றைப் போட்டு, சிக்னலின் வலுவை டிபிஎம் என்ற அளவில் ஒவ்வொரு அறையிலும் பாருங்கள். எண் எப்போதும் மைனஸில் வரும். மைனஸ் 50 என்றால் அருமை. மைனஸ் 67 வரை வீடியோ அழைப்பு நன்றாகவே ஓடும். மைனஸ் 80-ஐ நெருங்கினால் இணைப்பு இருப்பதாகக் காட்டும், வேலைக்கு ஆகாது. 67-க்கும் 80-க்கும் வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். உண்மையில் வந்து சேரும் சக்தி இருபதில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது என்று பொருள். எந்தக் கதவைத் தாண்டும்போது எண் சரிகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டியை எங்கே வைப்பது என்பதை அந்தத் தாள்தான் முடிவு செய்யப்போகிறது.

காசு அதிகம் செலவில்லாதவை

டிவிக்குப் பின்னால், பீரோவை ஒட்டி, ஷோகேஸ் கண்ணாடிக்குள் ரூட்டர் இருந்தால் வெளியே எடுத்து ஆள் உயரத்துக்கு மேல் வையுங்கள். இரும்பும் கண்ணாடியின் பின்பூச்சும் அலையைத் திருப்பி அடிக்கும், தண்ணீர் நிறைந்த எதுவும் அதை உறிஞ்சும். வைஃபைக்கு வழக்கமாக 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகள். 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல் 1, 6, 11 ஆகிய மூன்றும்தான் ஒன்றோடொன்று மோதாதவை. அக்கம்பக்கத்தார் எல்லாரும் 6-இல் இருந்தால் நீங்கள் 1-க்கோ 11-க்கோ மாறுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டுவதில் சோப்ளாங்கி. பின்கட்டில் போன் அதையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தால் இரண்டு அலைவரிசைக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்து, பின்கட்டில் 2.4-ஐத் தேர்ந்தெடுங்கள்.

இதைவிடப் பெரிய பலன் தரும் ஒன்றை ஏனோ யாரும் கேட்பதில்லை. பெட்டியையே இடம் மாற்றச் சொல்லுங்கள். ஃபைபர் கேபிளில் ஒரு கிலோமீட்டருக்கே ஒளியின் இழப்பு அரை டெசிபெல்லுக்கும் குறைவு. வாசலிலிருந்து கூடம் வரை இன்னும் 15 மீட்டர் இழுத்தால் இழப்பு என்று சொல்ல எதுவும் இல்லை. கவனிக்க வேண்டியது இணைப்பு போடும் இடத்தின் சுத்தமும், மூலையில் கேபிளைக் கூர்மையாக மடக்காமல் இருப்பதும்தான். இணைப்பு நிறுவனத்தின் ஆளைக் கூப்பிட்டால் சிறு கட்டணத்துக்குச் செய்து கொடுப்பார்கள். பெட்டி வீட்டின் நடுவுக்கு வந்துவிட்டாலே பல வீடுகளில் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். புதிதாக இணைப்பு எடுப்பவர்கள் முதல் நாளே கேட்டுவிடுங்கள். அன்று கையில் கேபிள் சுருளோடு ஆள் நிற்கிறார், நடுக்கூடம் வரை இழுக்க அவருக்குப் பத்து நிமிஷம்.

"ஆறு ஆன்டெனா உள்ளதை வாங்கினா வருமா தம்பி?"

மஞ்சக்குப்பத்தில் மாமா ஒருவர் கேட்ட கேள்வி இது. பலருடைய மனதில் இருப்பதும் இதுதான். வராது மாமா. ரூட்டர் எவ்வளவு சக்தியோடு அலை அனுப்பலாம் என்பதற்குச் சட்டத்திலேயே உச்சவரம்பு இருக்கிறது. ஆன்டெனா எண்ணிக்கையால் அது கூடாது. அதைவிட முக்கியமானது, பேச்சு இரு பக்கமும் நடக்க வேண்டும். ரூட்டர் சொல்வது போனுக்குக் கேட்டாலும், போன் சொல்வது ரூட்டருக்கு எட்ட வேண்டுமே. போனில் இருப்பது சின்ன ஆன்டெனா, பேட்டரியை மிச்சம் பிடிக்கக் குறைந்த சக்தியில்தான் பேசும். வாசலில் எவ்வளவு பெரிய பெட்டி வைத்தாலும் போனின் குரல் மூன்று சுவரைத் தாண்டாது. பழைய ரூட்டர் 2.4 மட்டும் கொண்டதாக இருந்தால் வைஃபை 6 ரூட்டருக்கு மாறுவது நல்லதுதான். அது முன் அறைகளின் வேகத்தைக் கூட்டும், பின்கட்டை அல்ல.

ரிப்பீட்டர்

சுவர் பிளக்கில் சொருகும் சின்னப் பெட்டி. ஆயிரத்துச் சொச்சத்திலிருந்து கிடைக்கும். இதன் குறை அதன் வேலையிலேயே இருக்கிறது. விலை குறைந்த ரிப்பீட்டர் ஒரே ரேடியோவால் ரூட்டரிடம் கேட்கவும் வேண்டும், அதையே போனுக்குத் திருப்பிச் சொல்லவும் வேண்டும். ஒற்றை வாளியால் கிணற்றில் இறைப்பது போல, வாளி கீழே போகும் நேரத்தில் மேலே தண்ணீர் கொட்டாது. அதனால் வேகம் பாதியாகும், சில வீடுகளில் அதற்கும் கீழே போகும். இரண்டு அலைவரிசை உள்ளதை வாங்கி, ரூட்டரோடு 5-இலும் போனோடு 2.4-இலும் பேச வைத்தால் கொஞ்சம் தேவலை.

வைக்கும் இடமும் தப்பாகவே அமைகிறது. சிக்னல் இல்லாத அறையிலேயே கொண்டு போய்ச் சொருகுகிறார்கள். அங்கே அதற்கே ஒன்றும் கேட்காதபோது உங்களுக்கு எதைச் சொல்லும்? மைனஸ் 60, 65 காட்டும் இடத்தில், அதாவது வழியின் நடுவில் வைக்க வேண்டும். வயதான பெற்றோர் பேரனோடு வாட்ஸ்அப்பில் பேசுவதற்கு இது போதும். ஒரு வீடியோ அழைப்புக்கு 3, 4 எம்பிபிஎஸ்தான் தேவை. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வேகம் குறைவதைவிட, நடுவில் அறுந்து அறுந்து வருவதுதான் கூட்டத்தில் மானத்தை வாங்கும்.

மெஷ்

டிபி-லிங்க் டெக்கோ மாதிரியானவை. இரண்டு பெட்டி உள்ள செட் சுமார் ஐந்தாயிரத்திலிருந்து பத்தாயிரம் வரை ஆகும். ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட். நடந்துகொண்டே பேசினாலும் போன் ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குப் பெரும்பாலும் தடங்கலின்றி மாறும். பெட்டிகள் தங்களுக்குள் எந்த வழியாகப் பேசுவது என்பதைத் தாங்களே பார்த்துக்கொள்ளும்.

ஆனால் மெஷ் மந்திரம் அல்ல. இரண்டு பெட்டிக்கும் நடுவில் ஒன்றரை அடி செங்கல், சுண்ணாம்புச் சுவர் இருந்தால் அவையும் திணறும். மூன்று ரேடியோ உள்ள விலை கூடிய வகையில் ஒன்றைப் பெட்டிகள் தங்களுக்குள் பேசவே ஒதுக்க முடியும். மற்ற வகைகளில் ரிப்பீட்டரின் அதே நஷ்டம் கொஞ்சம் குறைந்த அளவில் இருக்கவே செய்யும்.

முற்றம் உள்ள வீட்டுக்காரர்களுக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. முற்றம் திறந்தவெளி. கூடத்தில் முற்றத்தைப் பார்த்த தூணருகே ஒரு பெட்டி, எதிர்த்தாழ்வாரத்தில் மழைச்சாரல் படாத இடத்தில் இன்னொரு பெட்டி என்று வைத்தால், இரண்டும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்ளும். நடுவில் சுவரே கிடையாது, 5 கிகாஹெர்ட்ஸ் முழு வேகத்தில் தாண்டிவிடும். அந்த இரண்டாவது பெட்டியிலிருந்து பின்கட்டுக்கு ஒரு சுவர்தான் பாக்கி. சுவர் வழியாகத் தள்ளுவதைவிட முற்றத்தைச் சுற்றி வருவது எவ்வளவோ மேல்.

மாடி வீடு என்றால் முற்றத்தின் இடத்தை மாடிப்படி எடுத்துக்கொள்கிறது. கம்பி கட்டிய கான்கிரீட் தளம் அலைக்குப் பெரிய எதிரி. புதுச்சேரியின் லாஸ்பேட்டை, ரெட்டியார்பாளையம் பக்கம் கீழே ஓனர், மேலே வாடகைக்கு என்று இருக்கும் வீடுகளில், கீழ்ப் பெட்டியைப் படிக்கட்டின் அடியருகிலும் மேல் பெட்டியைப் படி முடியும் இடத்திலும் வைத்துப் பாருங்கள். "சுவத்துல ஓட்டை கீட்டை போடாதீங்க" என்று ஓனர் சொல்லியிருக்கும் வீட்டுக்கு மெஷ்தான் சரி. காலி செய்யும்போது எடுத்துக்கொண்டே போகலாம்.

இன்னொன்று மின்வெட்டு. ரிப்பீட்டரோ மெஷ்ஷோ, நடுவில் இருக்கும் பெட்டிக்கும் மின்சாரம் வேண்டும். அது இன்வர்ட்டர் லைனில் இல்லாத பிளக் என்றால், கரண்ட் போனதும் முன் அறையில் நெட் இருக்கும், பின்கட்டில் போய்விடும். வாங்குமுன் எந்தெந்த பிளக்கில் இன்வர்ட்டர் வருகிறது என்று பாருங்கள். இல்லையென்றால் மெஷ் பெட்டிக்கு அதன் வோல்டுக்குப் பொருந்தும் மினி யூபிஎஸ் ஒன்று தேவைப்படும்.

பவர்லைன் அடாப்டர்

வீட்டு மின்கம்பி வழியாகவே இணையத்தை அனுப்பும் ஜோடிப் பெட்டிகள். வெளிநாட்டு யூடியூப்காரர்கள் புகழ்ந்து தள்ளுவார்கள். நம் வீடுகளுக்கு இது ஒத்துவருவது அரிது. மும்முனை இணைப்பில் இரண்டு அறைகளும் வேறு வேறு ஃபேஸில் இருந்தால் சிக்னல் நலிந்துவிடும். இன்வர்ட்டர் லைன் தனியாகப் பிரிந்து போகும். ஸ்பைக் பஸ்டர் பெட்டி சிக்னலையே வடிகட்டிவிடும். மிக்ஸியும் மோட்டாரும் ஓடும்போது வேகம் ஆடும். பெட்டியில் 1000 என்று அச்சிட்டிருந்தால் கையில் கிடைப்பது அதில் சிறு பங்குதான். திருப்பிக் கொடுக்கும் வசதி இருந்தால் மட்டும் முயலுங்கள்.

கேபிள்

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் இதைப் பெரிய வேலை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். கேட் 5இ என்ற வகை நெட்வொர்க் கேபிளே 100 மீட்டர் வரை 1000 எம்பிபிஎஸ் கொண்டு போகும். புதிதாக வாங்குவதால் கேட் 6 வாங்கலாம், விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. நம் நீள வீடுகளுக்கு 25, 30 மீட்டர் போதும். மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுக்கும் கடைகள் உண்டு. 305 மீட்டர் பெட்டி முழுதாக வாங்க வேண்டிய அவசியம் இல்லை. சுவர் எத்தனை இருந்தாலும், அண்டை வீட்டு வைஃபை எவ்வளவு நெரிசலாக இருந்தாலும், கேபிளுக்குக் கவலை இல்லை.

வாங்கும்போது ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். அலுமினியக் கம்பிக்கு மேல் செம்பு பூசிய கேபிள் சந்தையில் நிறைய இருக்கிறது. விலை நன்றாகக் குறைவாக இருக்கும். உள்ளே இருக்கும் ஒரு கம்பியை எடுத்துப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளும் சிவந்தே இருந்தால் முழுச் செம்பு, வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். அது சீக்கிரம் ஒடியும், மின்தடையும் கூடுதல். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்பார். ஒன்றல்ல.

இழுக்கும்போது 230 வோல்ட் கம்பி போகும் பைப்பிலேயே இதையும் நுழைக்காதீர்கள். பழைய கேபிள் டிவி பைப் இருந்தால் அது அருமையான வழி. இல்லாவிட்டால் சுவரோரமாக பிளாஸ்டிக் கேசிங் அடித்து மூடிவிடலாம். பழைய சுண்ணாம்புச் சுவரில் ட்ரில் வைத்தால் பூச்சு பாளமாக உதிரும். அதனால் கதவு நிலைக்கு மேலே அல்லது உத்திரத்தை ஒட்டி, ஏற்கெனவே மின்கம்பிக்காகப் போட்ட துளைக்குப் பக்கத்தில் வழி தேடுவது நல்லது. துளை போட்ட பிறகு கேபிளை இழுங்கள், ஆர்ஜே-45 முனையை, அதாவது நுனியில் மாட்டும் பிளாஸ்டிக் கனெக்டரை, கடைசியில் மாட்டுங்கள். முனையோடு இழுக்கப் பார்த்தால் இரண்டு மடங்கு பெரிய துளை வேண்டும்.

முனை மாட்டுவது கைப்பழக்கம். மேலுறையை உரித்து, எட்டுக் கம்பிகளையும் நேராக்கி, ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீலம்-வெள்ளை, பச்சை, பிரவுன்-வெள்ளை, பிரவுன் என்று இடமிருந்து வலமாக அடுக்க வேண்டும். முனையின் கிளிப் கீழ்ப்பக்கம் இருக்கட்டும். முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காதீர்கள். எட்டும் முனையின் நுனியைத் தொடுகிறதா என்று பார்த்துவிட்டுக் கிரிம்பிங் டூலால் அழுத்துங்கள். நீல, பிரவுன் ஜோடிகளில் ஒரு கம்பி சரியாக உட்காராமல் போனால் நெட் பெரும்பாலும் அறுந்துபோகாது. ஆனால் 1000-க்குப் பதில் 100-இல் ஓடும், ஏனென்றால் 100-க்கு இரண்டு ஜோடி போதும், 1000-க்கு நான்கு ஜோடியும் வேண்டும். அதனால் வேலை முடிந்ததும் லேப்டாப்பில் இணைப்பு வேகம் என்ன காட்டுகிறது என்று பார்த்த பிறகே எலக்ட்ரீஷியனை அனுப்புங்கள்.

கேபிளின் மறுமுனையில் என்ன வைப்பது? பரணில் கிடக்கும் பழைய ரூட்டரே போதும். அதன் முகவரியை 192.168.1.2 மாதிரி ரூட்டரோடு மோதாத ஒன்றாக மாற்றி, டிஹெச்சிபி-யை (கருவிகளுக்கு முகவரி வழங்கும் வேலை) அணைத்து, கேபிளை வான் துளையில் (வெளி இணைப்புக்கான துளை) அல்லாமல் லேன் துளையில் சொருகுங்கள். வைஃபைக்கு முன்பக்கத்தின் அதே பெயரும் பாஸ்வேர்டும், வேறு சேனல். சில ரூட்டர்களில் ஆக்சஸ் பாயின்ட் மோட் என்று தனியாகவே இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்தால் இதெல்லாம் தானாக நடக்கும். மொத்தச் செலவு கேபிளுக்கும் ஆள் கூலிக்கும்தான்.

கொஞ்சம் செலவழிக்க முடிந்தால் பிஓஇ ஆக்சஸ் பாயின்ட் வாங்குங்கள். இதில் இணையம் போகும் அதே கேபிளில் மின்சாரமும் போகிறது. வாசல் அறையில் ரூட்டருக்கு அருகில் இன்வர்ட்டர் பிளக்கில் இன்ஜெக்டரை (கேபிளில் மின்சாரத்தை ஏற்றும் சிறு பெட்டி) சொருகிவிட்டால், பின்கட்டில் பிளக்கே தேவையில்லை. கரண்ட் போனாலும் கடைசி அறை வரை வைஃபை இருக்கும். கருவியோடு வந்த இன்ஜெக்டரையே பயன்படுத்துங்கள், வோல்ட் மாறினால் கருவி எரிந்துவிடலாம். மெஷ் வாங்கியவர்களும் பிறகு ஒரு நாள் இரண்டு பெட்டிகளையும் கேபிளால் இணைத்துக்கொள்ளலாம். பெரும்பாலான செட்டுகளில் அந்த வசதி இருக்கிறது. அப்போது மெஷ்ஷின் குறை தீர்ந்து நிறை மட்டும் மிஞ்சும்.

வெளியே போகும் கேபிள், மொட்டைமாடி, தோட்டத்து வீடு

தேவனாம்பட்டினம் மாதிரி கடலை ஒட்டிய இடங்களில் உப்புக்காற்று எந்த உலோகத்தையும் விடாது. இணைப்பு முனைகள் வெளியே திறந்து கிடந்தால் பச்சை பூத்துவிடும், முனைகள் எப்போதும் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். வெயிலில் போகும் கேபிளுக்குக் கறுப்பு மேலுறை கொண்ட அவுட்டோர் வகை வேண்டும். உள்அறைக்கானதை மாடியில் போட்டால் உறை வெடித்துத் தண்ணீர் இறங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது தெரியவரும்.

தனிக் கட்டடத்துக்கு, உதாரணமாகக் கொல்லையில் கட்டிய புது அறைக்கு, வானத்தின் கீழ் செம்புக் கேபிளை இழுப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அருகில் இடி விழுந்தாலே அதில் மின் அதிர்ச்சி ஏறி இரு முனையிலும் உள்ள கருவிகளைச் சுட்டுவிடும். அதற்கு ஃபைபரும் இரு முனையிலும் ஒவ்வொரு மீடியா கன்வெர்ட்டரும் (ஃபைபரையும் செம்புக் கேபிளையும் இணைக்கும் சிறு பெட்டி) போடுங்கள். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. உள்ளே இரும்புக் கம்பி இல்லாத வகை என்று கேட்டு வாங்குங்கள், தாங்குவதற்காக இரும்பு வைத்த ஃபைபர் கேபிளும் கடைகளில் உண்டு.

நெல்லிக்குப்பம், பண்ருட்டி பக்கம் தோப்பு வீட்டுக்கு நூறு, இருநூறு மீட்டர் தாண்ட வேண்டும் என்றால், நேருக்கு நேர் பார்க்கும் இரண்டு 5 கிகாஹெர்ட்ஸ் வெளிப்புறக் கருவிகள் நல்ல வேகம் தரும். நடுவில் ஒரு பலா மரம் தழைத்து நின்றாலும் கெட்டுவிடும். 2011 டிசம்பர் 30 தானே புயலையும் 2024 நவம்பர் 30 ஃபெஞ்சலையும் பார்த்த ஊர் நம்முடையது. கருவியை உயரமான தனிக் குழாயில் மாட்டாமல் சுவரோடு சேர்த்து மாட்டுங்கள்.

மேல் வீட்டில் வேறு குடும்பம் இருந்து, இரு வீட்டிலும் எந்நேரமும் ஆள் வேலை பார்த்தால், இவை எதுவும் வேண்டாம். மாடிக்கென்று தனி இணைப்பு ஒன்று எடுத்துவிடுங்கள். மாதம் ஒரு பில் கூடும், ஆனால் ஒரு நிறுவனத்தின் கேபிள் அறுந்த நாளில் இன்னொன்று கைகொடுக்கும். அதற்காகவே இரண்டாவதை வேறு நிறுவனத்தில் எடுப்பது நல்லது.